பத்தாண்டு முன்னால் தொடங்கியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராக் அண்ட் ரோல் கிட்டார் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, 1955இல் கிட்டார் கலைஞர் சக் பெர்ரியிடமிருந்து தொடங்குகிறது. அவருக்கு முன்பே கிட்டார் வாசித்துப் பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பெண் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் எங்கே போனார்? ஆர்கன்சாஸில் பிறந்து பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். 1944இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ என்ற காஸ்பல் (கிறிஸ்தவ பக்திப்) பாட்டு, மறு ஆண்டு பில்போர்ட் இசை இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் 2ஆம் இடம்வரை ஏறியது. சபையில் போதகர் ஒரு வரி சொன்னால் கூட்டம் பதில் குரல் கொடுக்கும். அந்தப் பதிலைத்தான் தார்ப் கிட்டாரிடம் கொடுத்தார். வரி முடிந்த இடைவெளியில் ஒற்றைக் கம்பி பேசும்.

அவர் பெரிதும் வாசித்தது ஓப்பன் டி சுருதியில்; அதாவது, எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே டி மேஜர் கார்டு ஒலிக்கும். தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. வழக்கமான சுருதியிலிருந்து 6, 2, 1ஆம் கம்பிகளை (6 தடித்தது, 1 மெல்லியது) ஒரு முழுச் சுரமும், 3ஆம் கம்பியை அரைச் சுரமும் இறக்க வேண்டும். இறக்கி அப்படியே நிறுத்தினால் இரண்டு பாட்டுக்குள் சுருதி இன்னும் இறங்கிவிடும்; வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே போய், மேலேற்றி நிறுத்த வேண்டும். மெல்லிய கம்பிகள் தளர்ந்து ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் குறுக்குக் கம்பியில்) ‘ஜிர்ர்’ என்று உரசும். கனமான கம்பி செட் மாட்டுவதே நல்லது.

ராக் இசையின் முக்கியக் கலைஞர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமே தார்ப்பை 2018இல்தான் சேர்த்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வானேன்!

— ஒரு வாசகர், மதுரை