கைவிட்ட தாயும் கண்டெடுத்தவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பேருந்து நிலையத்தில் விடப்பட்ட பெண் குழந்தையைப் பற்றிய நாவல் குறித்து வாசகர்கள் இரு தரப்பாக எழுதிவருகிறார்கள். தாயை மன்னிக்கவே முடியாது என்கிறது ஒரு தரப்பு. யாரிடமும் சொல்லாமல் குழந்தையை எடுத்து வளர்த்த தம்பதியைக் கொண்டாடுகிறது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

குழந்தையைக் கைவிடுவதைத் தண்டிக்கும் 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவே, பெற்றோர் தங்கள் சக்திக்கு மீறிய சூழலால் குழந்தையைக் கைவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படாது என்கிறது. சட்டம் காட்டும் இந்த இரக்கத்தைக்கூட வாசகர்கள் காட்டக் கூடாதா? பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியதும் இப்படிப்பட்ட தாய்மார்களுக்கு ஒரு வழி காட்டத்தான்.

தம்பதியின் பாசத்தில் குறையில்லை. ஆனால் கண்டெடுத்த குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தாலே வழி சொல்வார்கள். மறைப்பது குற்றம். ஒப்படைத்த பிறகுதான் நாளிதழ் விளம்பரம், போலீஸ் விசாரணை என்று பெற்றோரைத் தேடும் வேலை தொடங்கும். யாரும் வராவிட்டால், இரண்டு வயதுவரையுள்ள குழந்தையை இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நான்கு மாதத்திலும் தத்துக்குத் தகுதியானதாக அறிவிக்கலாம். மறைத்து வளர்த்தால், மனம் மாறித் திரும்பும் தாய்க்கு விசாரிக்க ஓர் இடமும் இருக்காது. குழந்தைக்கும் சட்டப்படி வாரிசுரிமை கிடைக்காது. நாவலின் அடுத்த பதிப்பில் 1098 என்ற எண்ணையாவது பதிப்பாளர் அச்சிட வேண்டும்.

– வாசகர், சேலம்