ஒரே கிளிக்கில் ஏறாது உடுக்கடிப் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கேசட்டுகளை 'ஒரே கிளிக்கில்' எம்பி3 ஆக்கிவிடலாம் என்று போன ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். கார்த்திகை மாதத்திலிருந்து அதே வேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கிளிக் எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்னும் தட்டுப்படவில்லை.

என் அய்யன் வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து ஊர்களில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர்-சங்கர் கதை, பாடியவர். 1986-ல் என் தாய்மாமன் டூ-இன்-ஒன்னை (ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது) பக்கத்தில் வைத்துப் பதிந்த 23 கேசட்டுகள் பீரோவில் கிடந்தன. 60 நிமிடக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற 60 நிமிடம் ஆகத்தான் செய்யும். உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. கூத்து அதற்கப்புறம்தான்.

கம்ப்யூட்டர் கடைத் தம்பி வந்து, "ஒசத்தியாவே இருக்கட்டுங்க டீச்சர்" என்று 96,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை முறை ஓசையை அளப்பது), 24 பிட் (ஒவ்வோர் அளவின் நுணுக்கம்), ஸ்டீரியோ (இடம், வலம் என்று இரண்டு தடம்) என்று வைத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரப் பாட்டு 2 ஜிபி வந்தது. அதைப் பென்டிரைவில் வைத்து, அங்கேயே எம்பி3 ஆகவும் மாற்றச் சொன்னால், மாவாட்டி வழித்து வைத்துவிட்டு வந்து பார்த்தாலும் பாதி தாண்டியிருக்காது. இணையத்தில் இறக்கிய இன்னொரு மென்பொருள் மூன்று நிமிடப் பாட்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்டது. கடைக்குப் போனால், "சிஸ்டம் பழசுங்க, புதுசு எடுத்துருங்க" என்று 40,000 ரூபாய் சொன்னார்கள்.

பொங்கல் லீவுக்கு வந்த பேத்திதான், "அம்மாயி, ஒரே மைக்குல புடிச்ச பாட்டுக்கு எதுக்குங்க ஸ்டீரியோ?" என்று கேட்டாள். மோனோ (ஒரே தடம்), 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று மாற்றினாள். அதே ஒரு மணி நேரம் 320 எம்பிக்குள் அடங்கியது. என் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அந்தக் கேசட்டில் இல்லாத ஓசையைப் பெரிய கணக்கில் பதிந்தால் மட்டும் வந்துவிடுமா? கோப்பைப் பென்டிரைவிலிருந்து ஹார்டு டிஸ்குக்கு நகர்த்தி மாற்றியதும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது. அதே பழைய சிஸ்டம்தான்.

அடுத்தது, எந்த மென்பொருளில் வெட்டி ஒட்டுவது என்ற பஞ்சாயத்து. என்னிடம் விண்டோஸ், பேத்தியிடம் லினக்ஸ், பெங்களூரில் மகனிடம் மேக். மகன் ஆசையாக நான்கு கேசட்டை கராஜ்பேண்ட் என்ற மென்பொருளில் சரிசெய்து அனுப்பினான். அது ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடுவது. எங்கள் இருவருக்கும் திறக்கவேயில்லை. கடைசியில் மூன்றிலும் ஓடுகிற ஆடாசிட்டிக்கு வந்தோம். 2000-த்திலிருந்து இருக்கிறது, காசு கிடையாது. அதிலும் ஒரு சிக்கல்: என்னிடம் இருந்தது 2-ஆம் வரிசைப் பதிப்பு. 2021-ல் வந்த 3-ஆம் பதிப்பில் சேமித்த கோப்பை அது ஏற்காது. மூவரும் புதுப் பதிப்பைப் போட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று உண்டு. எம்பி3 என்பது ஓசையில் கொஞ்சத்தை விட்டுவிட்டுச் சுருக்குவது. அப்படி ஆக்கிவிட்டு, அதைத் திறந்து வெட்டி, மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் ஓசை கொஞ்சம் தேயும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குக் காப்பி எடுத்த எங்கள் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை முடிகிறவரை சுருக்காத வேவ் கோப்பாகவே வைத்திருங்கள். எம்பி3 கடைசியில், வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப மட்டும்.

ஏழாவது கேசட்டில் பாட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஓடுகிறது. அய்யன் மூச்சு வாங்கும் இடத்தில் தறி மட்டும் கேட்கும் இரண்டு விநாடியை மாதிரியாகக் காட்டினால், மென்பொருள் அதைக் கேசட் முழுக்கக் குறைத்துவிடுகிறது. முதலில் அதிகமாக வைத்துவிட்டேன். தறி போயிற்று. ஆனால் உடுக்கையின் இடுப்பை இறுக்கி, கும்மென்று வளைத்து விடுவாரே, அந்த வளைவின் வாலும் சேர்ந்து போயிற்று. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. அத்தனையையும் ரத்து செய்தேன். தறி ஓடட்டும், அதுவும் எங்கள் ஊர்ச் சத்தம்தானே.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பீரோவில் இப்படிக் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. திருப்பூர், ஈரோடு மாவட்ட மைய நூலகங்களில் நல்ல டேப் டெக் ஒன்று, சாதாரணக் கம்ப்யூட்டர் ஒன்று, சொல்லிக்கொடுக்க ஓர் ஆள், இவ்வளவு இருந்தால் போதும். இதை உங்கள் பத்திரிகை எடுத்து எழுத வேண்டும்.

12 கேசட் முடிந்துவிட்டது. பாக்கி 11-ல் இரண்டு, அண்ணன்மார் போரில் மடிகிற படுகளம். ஆனி மாதம் என் டெக்கின் ரப்பர் பெல்ட் அறுந்துபோயிற்று. திருப்பூரில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். சைக்கிள் டியூபை நறுக்கிப் போட்டுப் பாருங்கள் என்கிறார் ஒருவர். பெல்ட் கிடைக்கும் இடம் தெரிந்த வாசகர்கள் இதே பகுதியில் எழுதினால் நன்றி உடையவளாயிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளகோவில்