ஒன்றாம் வகுப்புக்கு முன்னால் ஒரு மருத்துவப் பரிசோதனை

சாட்ஸ்வொர்த், டர்பன்
நவம்பர் 2025

அன்புள்ள மகளுக்கு,

பேரன் ஜனவரியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான் என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால், பள்ளியில் கொடுத்த மருத்துவப் படிவத்தில் கையெழுத்து வாங்க டிசம்பர் கடைசியில் டாக்டரிடம் போனால் போதும் என்று நீ சொன்னது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டிசம்பர் நடுவிலேயே பாதி டாக்டர்கள் விடுமுறையில் போய்விடுவார்கள். அதைவிட முக்கியமானது, கையெழுத்துக்காக மட்டும் போனால் டாக்டர் அந்தச் சில நிமிடங்களில் தம் கண்ணுக்குப் படுவதைத்தான் பார்ப்பார். இரவும் பகலும் அவனைக் கவனிக்கிற நீ எடுத்துச் சொன்னால்தான் மற்றவை அவருக்குத் தெரியவரும். இத்தனை காலம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்த நர்ஸாகவும் உன் தாயாகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய தடுப்பூசியும் வளர்ச்சியும் பதிந்த ரோடு டு ஹெல்த் புத்தகத்தைத் தேடி எடு. அவன் 2020 பிப்ரவரியில் பிறந்தவன். ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம் ஆகிய மூன்று தடுப்பூசித் தவணைகளும் மார்ச் இறுதியில் தொடங்கிய கொரோனா ஊரடங்குக் காலத்தில் வந்தவை; அந்த மாதங்களில் நாடு முழுவதும் பல குழந்தைகளின் தடுப்பூசிகள் தள்ளிப்போயின, சில விட்டே போயின. ஒவ்வொரு கட்டத்திலும் தேதியும் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார். குறிப்பாக, ஆறு மாதத்திலும் பன்னிரண்டு மாதத்திலும் போட வேண்டிய தட்டம்மை ஊசிகளைத் தனியாகப் பார்த்துவிடு. 2022 அக்டோபரில் லிம்போபோ மாகாணத்தில் தொடங்கிய தட்டம்மை உங்கள் ஹௌட்டெங் மாகாணம் வரைக்கும் பரவியதை நீ மறந்திருக்கமாட்டாய். நம் பாட்டிமார் காலத்தில் அம்மை கண்டால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா இலையை வாசலில் கட்டுவார்கள். மாரியம்மா மேல் எனக்கு இருக்கும் பக்தி குறையவில்லை, ஆனால் தட்டம்மை நிமோனியாவாக மாறியதையும் கண்பார்வையைக் கெடுத்ததையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். விட்டுப்போன ஊசி எதுவானாலும் அரசு கிளினிக்கில் இலவசமாகப் போடுவார்கள். டெட்டனஸ், டிப்தீரியாவுக்கான ஆறு வயது ஊசி அவனுக்குப் பிறந்தநாள் வந்த பிறகுதான், அதாவது பள்ளி தொடங்கிய பிறகுதான் வரும். அப்போது பள்ளி அவசரத்தில் அது மறந்துபோகும் என்பதால் இப்போதே நாட்காட்டியில் எழுதி வை.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கண் நன்றாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருக்கிற பிள்ளை ஒருநாளும் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லாது, ஏனென்றால் நல்ல கண்ணே எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்துவிடும்; மங்கலான கண்ணிலிருந்து வருவதை மூளை மெல்ல மெல்ல ஒதுக்கிவிடும், வயது ஏற ஏற அதைச் சரிசெய்வதும் கடினமாகும். ஆகையால் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிச் சோதிக்கச் சொல். தொலைக்காட்சி பார்க்கும்போது தலையைச் சாய்க்கிறானா, கண்ணைச் சுருக்குகிறானா என்று இந்த வாரமே கவனித்து வை. காதும் அப்படித்தான். சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கினால் வலி இருக்காது, கேட்கும் திறன் மட்டும் குறையும். வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவன் அடிக்கடி "என்ன?" என்று கேட்கிறானா, கார்ட்டூன் சத்தத்தைக் கூட்டுகிறானா என்று பார்.

பல்லில் ஒன்றே ஒன்று. ஆறு வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் பால்பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்; அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல்.

போன குளிர்காலத்தில் உங்கள் லெனேஷியாவின் வறண்ட காற்றில் அவன் இரவெல்லாம் இருமினான் என்று சொன்னாயே, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். எந்த நேரத்தில் இருமல் வருகிறது, ஓடி விளையாடினால் கூடுகிறதா, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. உன் மாமாவுக்கு ஆஸ்துமா இருப்பதையும் அதிலேயே எழுது. டர்பன் மெரபேங்கில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகைக்குப் பக்கத்தில் வளர்ந்த நம் குடும்பத்தில் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அந்த வழக்கம் அவனோடு தொடர வேண்டாம். அப்பாவின் சர்க்கரை, தாத்தாவின் இதயநோய் இரண்டையும் சேர்த்து எழுது. இன்ஹேலர் கொடுத்தால், ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாயோடு) மருந்தை எப்படி இழுப்பது என்பதை அவனையே டாக்டர் முன்னால் செய்துகாட்டச் சொல். பள்ளியில் வைக்க இன்னொன்றும் கேள்.

இரவில் சில நாள் படுக்கை நனைகிறது என்ற விஷயத்தை அவன் முன்னால் பேசாதே. இந்த வயதில் அது பல பிள்ளைகளுக்கு உண்டு, ஆனால் அவனுக்கு வெட்கம் இருக்கும். அதையும் தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடு. ஊசியைக் காட்டி யாரும் அவனைப் பயமுறுத்தவும் வேண்டாம். ஊசி போடுவதாக இருந்தால் கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று உண்மையைச் சொல். டாக்டர் கேள்வி கேட்டால் முதலில் அவன் பதில் சொல்லட்டும், நீ பிறகு சேர்த்துக்கொள்.

பள்ளி திறந்த பிறகு அரசுப் பள்ளி நர்ஸ் வந்தாலும் வரலாம். சிறு வகுப்புப் பிள்ளைகளின் கண், காது, பல்லைச் சோதிக்கும் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆனால் உன் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவர்கள் அவனைத் தொடமாட்டார்கள், அந்தப் படிவம் பையின் அடியில் கசங்கிக் கிடப்பதை எத்தனையோ பிள்ளைகளிடம் பார்த்தவள் நான்.

டாக்டரிடம் நாள் வாங்கியதும் தெரிவி. அதற்கு முன் தடுப்பூசிப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரும் ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அம்மா