ஓவியத்தையும் கொஞ்சம் காட்டுங்கள்

ஆசிரியருக்கு,

அரூப ஓவியர்களைப் பற்றி, அதாவது உருவங்கள் இல்லாமல் நிறத்தாலும் கோட்டாலுமே வரைபவர்களைப் பற்றி வரும் திரைப்படங்களில் எனக்கு ஒரு தீராத குறை. குடி, சண்டை, காதல் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, ஓவியத்தை மட்டும் ஓரிரு நொடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைப் பற்றி 2000-இல் எட் ஹாரிஸ் இயக்கி நடித்த 'பொல்லாக்' நல்ல படம்தான், பொல்லாக்கின் மனைவியும் ஓவியருமான லீ கிராஸ்னராக வந்த மார்சியா கே ஹார்டனுக்கு ஆஸ்கர் கிடைத்ததும் நியாயம்தான், ஆனாலும் படம் முடிந்த பிறகு மனதில் நிற்பது அந்த மனிதரின் குடியும் கோபமும்தான்.

2011-இல் கொரின்னா பெல்ஸ் எடுத்த ஆவணப்படத்தைப் பாருங்கள். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஒரு நீளமான பட்டையில் வண்ணத்தை அப்பி, கேன்வாஸ் மேல் அழுத்தி மெதுவாக இழுத்துக்கொண்டே போகிறார், அடியில் இருந்த நிறம் அங்கங்கே பிய்ந்து வெளியே வருகிறது, அப்புறம் தள்ளி நின்று பார்க்கிறார், நமக்கு அழகாகத் தெரிந்ததையே மறுபடி இழுத்து மறைத்துவிடுகிறார். கேமரா பொறுமையாக நிற்கிறது. கேமரா பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குச் சங்கடமாக இருப்பதும் நமக்குப் புரிகிறது. வண்ணத்தைச் சொட்டவிட்டு வரையும் பொல்லாக்கையே 1950-இல் புகைப்படக் கலைஞர் ஹான்ஸ் நமூத் கண்ணாடியில் வரையச் சொல்லி, அடியிலிருந்து படம்பிடித்தார். சுமார் பத்து நிமிடப் படம், வண்ணம் விழுவதை நேருக்கு நேர் பார்க்கிறோம்.

அரூப ஓவியம் புரியவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் இந்த இரண்டையும்தான் பார்க்கச் சொல்வேன். உங்கள் விமர்சகர்களும் இப்படிப்பட்ட படங்களுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவதோடு நிறுத்தாமல், ஓவியம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதையும் தயவுசெய்து எழுதட்டும்.

– ஒரு வாசகர்