இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் பருவத் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்குகிறது. விளையாட்டுப் போட்டிகளிலும் பேச்சுப் போட்டியிலும் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றனர். மழை விடுமுறைகளுக்கு இடையிலும் பாடங்கள் உரிய காலத்தில் முடிக்கப்பட்டன. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் வழங்கப்படும்.

சென்ற மாதம் நடந்த அறிவியல் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. முன்வரிசையில் இருந்த இதயம், எரிமலை, காற்றாலை மாதிரிகள் மிக அழகாக இருந்தன. ஆனால், "இதில் ரத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது?" என்று நான் கேட்டபோது, அந்த மாதிரியைக் கொண்டுவந்த பிள்ளை தலைகுனிந்து நின்று, "அப்பா கடையில் வாங்கினார்" என்று மெல்லச் சொன்னது. அன்று இதே போன்ற பதிலை வேறு சிலரிடமும் கேட்டேன்.

கடைசி மேசையில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தண்ணீர் பாட்டிலை வெட்டித் தானே செய்த மழைமானியை வைத்திருந்தாள். முதலில் அதை முருங்கை மரத்தடியில் வைத்ததாகவும், இலைகள் மழையைத் தடுப்பதை இரண்டாம் நாளே கண்டு மொட்டைமாடிக்கு மாற்றியதாகவும் சொன்னாள். பாட்டிலின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் அளவு தவறுகிறது என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அதைச் சுழியம் என்று குறித்துக்கொண்டு, மில்லிமீட்டர் கணக்கில் நாள்தோறும் எழுதியிருக்கிறாள். கோணலாக ஒட்டிய அந்தப் பாட்டிலைக் கடைசி மேசையில் வைத்தது எங்கள் தவறு, அதற்காக வருந்துகிறேன்.

படைப்பாற்றல் என்று நாம் சொல்வது இப்படித் தவறிப்போய், ஏன் தவறியது என்று யோசித்து, மாற்றிப் பார்ப்பதில்தான் வளர்கிறது. வளரும் மூளையில், அடிக்கடி பயன்படும் நரம்பிணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை காலப்போக்கில் கழிந்துபோகின்றன. திட்டமிடவும் முடிவெடுக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. வெட்டுவது, ஒட்டுவது, அளப்பது ஆகிய வேலைகளை நாம் செய்து கொடுத்தால், அந்தப் பயிற்சி நமக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் என்னை வருத்தியது. மாதிரி செய்வதற்காக நள்ளிரவு வரை விழித்திருந்ததாகப் பல பிள்ளைகள் கூறினர். 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. பகலில் கற்றது நினைவில் நிலைபெறவும் உறக்கம் பெரிதும் உதவுகிறது. எந்தச் செயல்திட்டத்திற்காகவும் பிள்ளையின் உறக்கத்தைப் பறிக்க வேண்டாம்.

பருவம் முழுவதும் வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்களில் செயல்பாடுகளுக்கும் பங்குண்டு என்பதால், மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், மூன்றாம் பருவம் முதல் கடையில் வாங்கிய மாதிரிகளும் பெரியவர்கள் செய்து கொடுத்தவையும் ஏற்கப்பட மாட்டா; அவற்றுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. இதில் விலக்குக் கோரி யாரும் வகுப்பாசிரியரை வற்புறுத்த வேண்டாம். செயல்திட்டங்களைப் பள்ளி நேரத்திலேயே செய்ய வாரம் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கியுள்ளோம். மாதிரியின் அழகைவிட, பிள்ளை தன் சொற்களில் தரும் விளக்கமே மதிப்பிடப்படும்.

பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து, பிள்ளைக்காகப் பசையும் கத்தரிக்கோலுமாக உட்கார்ந்த உங்கள் அன்பை நான் ஒருபோதும் குறையாக எண்ணவில்லை. இத்தனை அக்கறையுள்ள பெற்றோர் அமைந்தது இப்பள்ளியின் பேறு. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. விடுமுறை முடிந்து வரும்போது, வீட்டில் வீணாகக் கிடக்கும் அட்டைப்பெட்டி, கொட்டாங்குச்சி, பழைய குடைக்கம்பி, காலி பாட்டில் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். கூர்மையான முனைகளை மட்டும் மடக்கிவிடுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்