முழங்கால் முடியாதவர்களும் கடலில் கால் நனைக்க வழி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
கைத்தறி நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த பெண்,
பரமக்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: அரியமான், அரிச்சல்முனை கடற்கரைகளிலும் காரங்காடு படகுத் துறையிலும், நடக்க இயலாத முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் குடும்பத்தோடு நீர் ஓரம்வரை சென்றுவர வசதி செய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை மனு நாளில் பட்டாவுக்கும் ஓய்வூதியத்துக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே, கடற்கரைக்கு மனு கொண்டு வந்திருக்கிறேன். சுற்றுலாவுக்கெல்லாம் மனுவா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டுவிட்டார். தாங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் அம்மாவுக்கு வயது 72. நாற்பது வருடத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பார், வெளியே என்றால் சக்கர நாற்காலிதான். அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, பரமக்குடிக் கைலி மூட்டைகளை ரயிலில் தனுஷ்கோடிவரை கொண்டுபோய், தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் வியாபாரிகளிடம் கொடுத்துவிட்டு வருவாராம். அப்படி ஒரு நடையில், பத்து வயதுப் பிள்ளையாக அம்மாவும் கூடப் போயிருக்கிறார். கப்பல் நின்றது, துறைமுகத்தில் இட்லி வாங்கிக் கொடுத்தது, பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை தண்ணீரில் நின்றது, எல்லாம் இன்றைக்கும் சொல்வார். மறுவருடம் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்து, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலோடு ஊரும் போய்விட்டது. அதன் பிறகு தாத்தா அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவும் போகவில்லை.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியதிலிருந்து மண்டபத்தோடு ரயில் நின்றுகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறந்ததும், மே மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஒன்பது பேர் ராமேஸ்வரத்துக்குக் கிளம்பினோம். அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய பிள்ளைகள் மூவர், நான், என் வீட்டுக்காரர், என் மகன். பாலத்தின் மேல் ரயில் மெதுவாக ஊர்ந்தபோது அம்மா ஜன்னல் வழியாக ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் கடலில் போட்டார். பக்கத்தில் தெரிந்த 1914ஆம் வருடத்துப் பழைய பாலத்தைக் காட்டி, "இதுலதாண்டி நான் போனேன், இரண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையால நெம்பித்தான் திறப்பாங்கன்னு அப்பா சொன்னாரு" என்றார். நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

ராமநாதசுவாமி கோயிலில் எந்தக் கஷ்டமும் இல்லை. மூன்றாம் பிரகாரத்தின் கல்தளத்தில் நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது. பேரன்கள் முறைவைத்துத் தள்ளினார்கள். மதியத்துக்கு மேல் ஒரு வேன் பேசி, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போனோம். காலையிலிருந்து அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "போற இடத்துல எப்படி இருக்குமோ, எத்தனை படி இருக்குமோ" என்றார். மே மாத வெயிலில், 72 வயதில், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். அவர் பயந்தது சரிதான். வழியில் ஒரு கழிப்பறையில் இரண்டு உயரப் படி, உள்ளே பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பிகூட இல்லை. எந்த இடம் என்று எழுதவில்லை. யாரையும் குறைசொல்லி நடவடிக்கை கேட்க இந்த மனுவை எழுதவில்லை.

அரிச்சல்முனையில் கூட்டம். வேன்காரர் வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு, "அரைமணி நேரம்தான்" என்றார். தார்ச்சாலையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனோம். சாலை முடிந்து மணல் தொடங்கிய இடத்தில், முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் இரண்டும் நான்கு விரல் ஆழத்துக்குப் புதைந்தன. பின்னால் இழுத்தால் வருகிறது, முன்னால் ஓரடி போகவில்லை. நெம்பிப் பார்த்ததில் அம்மா சாய்ந்து விழப் பார்த்தார். மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்த அக்காவின் மகன்கள் இரண்டு பேர், அந்த ஊர்ப் பையன்கள், ஓடிவந்து நாற்காலியோடு தூக்குகிறோம் என்றார்கள். தங்கமான பிள்ளைகள். அம்மாதான் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "நான் என்ன உற்சவமூர்த்தியா, தோள்ல தூக்கிட்டுப் போக? இங்கேருந்தே தெரியுது, போதும்."

போதவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்த எங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் தண்ணீருக்குப் போய்விட்டோம். அவரை ஒரு குடையோடு சாலை ஓரத்தில் விட்டுவிட்டுப் போனோம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். என் மகன் மட்டும் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து கடல்நீரைப் பிடித்துக்கொண்டு வந்து ஆச்சியின் பாதத்தில் ஊற்றினான். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "அதே உப்புதான்" என்றார். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.

ஐயா, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் ஜீப்பும் வேனும் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். இடுப்பு கழன்றுவிடும் என்பார்கள். ஆனாலும் அந்த வண்டி நடக்கமாட்டாதவரையும் நீர் ஓரத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். இப்போது சாலை நன்றாக இருக்கிறது, ஆனால் அது முடிகிற இடத்திலிருந்து கடல்வரை உள்ள கொஞ்ச தூரத்துக்குத்தான் வழி இல்லை. நான் கேட்பது அந்தக் கொஞ்ச தூரம்.

அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆபத்தானது, குளிக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். அங்கே யாரையும் தண்ணீரில் இறக்கச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் வரும் வண்டி சாலை முடிகிற கடைசி வட்டம்வரை வந்து அவர்களை இறக்கிவிட்டுத் திரும்ப அனுமதி வேண்டும். அங்கிருந்து ஒரு சரிவுப்பாதையும், கடல் தெரிகிற மாதிரி கொஞ்சம் நிழலும், படி இல்லாத ஒரு கழிப்பறையும் அமைத்துக் கொடுத்தால் போதும்.

தண்ணீரில் கால் வைக்க ஏற்ற இடம் அரியமான். அது பாக் நீரிணைப் பக்கம், நம் மாவட்டத்துக்காரர்கள் பெண்கடல் என்று சொல்லும் பக்கம். அலை சாது, கரை தட்டை, பின்னால் சவுக்குத் தோப்பு நிழல். மேலும், சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேச நீலக்கொடிச் சான்றின் தரத்துக்குக் கொண்டுவர அரசு தேர்ந்தெடுத்த கடற்கரைகளில் மெரினா, கடலூர் சில்வர் பீச், நாகை மாவட்டத்துக் காமேஸ்வரம் ஆகியவற்றோடு நம் அரியமானும் ஒன்று. அந்தச் சான்று கேட்பவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியும் உண்டு. வேலை நடக்கும்போதே தோப்பிலிருந்து நீர் ஓரம்வரை ஒரு பாதையைத் திட்டத்தில் சேர்த்துவிட்டால், தனியாக ஒரு கோப்பு நகரவேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். அலுவலக நடைமுறை தாங்கள் அறிந்தது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் கடலருகே போவதற்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் முதன்முதலாக அலையைத் தொட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்து அம்மாவே கண் துடைத்துக்கொண்டார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி பெயர்ந்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். இதைச் சொல்லக் காரணம், "கடற்கரையில் எது வைத்தாலும் கடல் கொண்டுபோய்விடும்" என்று குறிப்பு எழுதி இந்த மனுவை மூடிவிட வாய்ப்பு இருக்கிறது. 1964ஐப் பார்த்த மாவட்டம் நமது, அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் நிரந்தரமாக எதையும் கட்டச் சொல்லவில்லை. காலையில் விரித்து மாலையில் சுருட்டி வைக்கிற பாய் போதும். தென்னைநாரில் இறுக்கி நெய்த அகலப் பாயோ, மணலுக்கென்றே வருகிற கட்டிப் பாயோ எதுவானாலும் சரி. புயல் எச்சரிக்கை வந்தால் சுருட்டித் தூக்கிக் கொட்டகையில் போட்டுவிடலாம்.

வனத்துறைக்கும் இது பொருந்தும். தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது, 2025 ஜூனில் அங்கே பூநாரைகளுக்காகச் சரணாலயமும் அறிவித்தார்கள். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. சிமென்ட் போடுவதை நானே எதிர்ப்பேன். பறவை வரும் இடத்தில் எங்களுக்குப் பாதை வேண்டாம். மனிதர்கள் ஏற்கெனவே மிதித்து நடக்கும் பத்தடி அகல இடத்தில்தான் பாய் விரிக்கச் சொல்கிறேன். ஆமை வரும் இரவு நேரத்தில் அது சுருட்டிக் கொட்டகைக்குள் இருக்கும்.

பாய் இருந்தாலும் சாதாரண ஆஸ்பத்திரி நாற்காலி கடைசி ஈர மணலில் சிக்கும். பலூன் மாதிரி தடித்த சக்கரம் வைத்த கடற்கரை நாற்காலிகள் உண்டு. அரியமானில் இரண்டும் அரிச்சல்முனையில் ஒன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். அவற்றைப் பராமரிக்கிற பொறுப்பை உள்ளூர் மீனவ மகளிர் சுய உதவிக் குழுவிடம் கொடுத்து, ஒரு சிறு கட்டணமும் வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். அன்றைக்கு ஓடிவந்த அந்தப் பையன்களைப் போன்றவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்கள் உதவிக்குக் கூலி கிடைத்தால், அம்மாவைப் போன்றவர்களுக்குக் கேட்கிற கூச்சமும் போகும். ஒருவர் இலவசமாகத் தூக்கினால்தான் அது தூக்குவது, காசு கொடுத்து ஏறினால் சவாரி என்பது என் அம்மாவின் கணக்கு.

காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து நடத்துவது, அருமையான ஏற்பாடு. பிள்ளைகளை ஏற்கெனவே ஒருமுறை அழைத்துப்போனேன். படகு ஆடும்போது ஏறி இறங்குவதுதான் கால் முடியாதவர்களுக்குக் கண்டம். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஒரு பலகைப் பாலம் போதும், பெரிய செலவில்லை.

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் எங்கள் சித்தப்பா மகன், 2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைக் கட்டாயம் குறிப்பிடச் சொன்னான். அதன் 29ஆவது பிரிவு பண்பாடும் பொழுதுபோக்கும் அவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமாகக் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. குறிப்பிட்டுவிட்டேன். ஆனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்கு நான் வரவில்லை.

மேற்கண்டவற்றில் எல்லாமே ஒரே நேரத்தில் முடியாது என்றால், அரியமானில் பாயும் ஒரு நாற்காலியும் மட்டுமாவது அடுத்த மே விடுமுறைக்குள் வந்துவிட வேண்டும் என்பது என் பணிவான கோரிக்கை. சுற்றுலாத் துறை, வனத்துறை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆகிய மூவரையும் ஒருநாள் சக்கர நாற்காலி ஒன்றோடு அந்த மணலுக்கு அனுப்பி அறிக்கை கேட்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியை வெறுமனே தள்ளிப் பார்க்காமல், யாராவது ஒருவர் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

தென்னைநார்ப் பாய் எங்கள் தறியில் ஓடாது. ஆனால் பாவும் ஊடையும் எவ்வளவு இறுக்கமாக விழுந்திருக்கிறது, சக்கரம் ஏறினால் ஓரம் சுருளுமா என்பதைக் கையால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன், என்னைவிட அம்மா நன்றாகச் சொல்வார். மாதிரி பார்க்கும் நாளில் தகவல் கொடுத்தால் இருவரும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அம்மாவின் மருத்துவச் சான்று நகல், நாற்காலி மணலில் புதைந்த புகைப்படம் இரண்டு, எங்கள் தெருவில் இதே கோரிக்கை உள்ளவர்களின் கையொப்பமும் கைநாட்டும் அடங்கிய தாள்.