பலகையில் நேரம் எழுதியவருக்கும் மற்றவர்களுக்கும்

கப்பலில் என்னோடு இருந்த அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கடற்படையின் நௌ சேனா பதக்கம் என் சட்டையில் ஏறிப் பத்து நாள் ஆகிறது. கருநீல நாடா, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. நான் இரண்டு முறை தீக்குள் இறங்கியதாக விழாவில் வாசித்தார்கள். இறங்கியது உண்மைதான். இரண்டு முறையும் எப்படி மேலே வந்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

சீஃப், முதல் நன்றி உங்களுக்கு. டீசல் குழாய் விரிசல் விட்டு, கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய் மீது பீய்ச்சியடித்துத் தீப்பிடித்த அந்த இரவில், வாட்ச் பணியில் இருந்த பையன் எஞ்சின் அறையிலேயே சிக்கிக்கொண்டான். நானும் என் ஜோடியும் மூச்சுக்காற்று சிலிண்டர் மாட்டி இறங்கினோம். நீங்கள் வாசலில் பலகையோடு உட்கார்ந்தீர்கள். எங்கள் பெயர், சிலிண்டர் அழுத்தம், இறங்கிய நேரம். புகைக்குள் இருப்பவனுக்கு நேரம் தெரியாது. பதற்றத்தில் மூச்சு வாங்க வாங்கக் காற்று கணக்கைவிடச் சீக்கிரம் தீரும். பையன் கைக்கு எட்டுவதற்குள் கயிற்றை இழுத்து எங்களை வெளியே வரவைத்தீர்கள். நான் உங்களைத் திட்டினேன். "சிலிண்டரை மாத்து" என்று மட்டும் சொன்னீர்கள். அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் உள்ளே மூன்று பேர் கிடந்திருப்போம். மன்னித்துவிடுங்கள் சீஃப். இரண்டாம் முறை ஏணியடியில் அவனைக் கண்டோம்.

என் ஜோடியே, புகைக்குள் ஹோஸைப் பிடித்து முன்னால் போனவன் நீ. நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன்.

தீப்பிடித்த அறைக்கு ஆறு பக்கம், எதன் வழியாகவும் சூடு அடுத்த அறைக்குப் பரவும். மேல்தளத்திலும் சுவர்களிலும் ஓயாமல் தண்ணீர் அடித்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. பெயின்ட் கொப்புளித்த இரும்பின் மேல் நின்றீர்கள். ஒரு சுவருக்கு அப்பால் எண்ணெய்த் தொட்டி இருந்தது. பம்ப் ஓட்டிய தம்பிகளே, அடித்த தண்ணீரை நீங்கள் வெளியே இறைக்காமல் விட்டிருந்தால் தீ அணைந்த பிறகு கப்பல் சாய்ந்திருக்கும்.

சமையற்கட்டு அண்ணன் முதலுதவிக் குழுவில் இருந்தார். என் கையுறையைக் கழற்ற முயலாமல் அப்படியே தண்ணீரில் நனைத்தார். இந்த விரல்கள் இன்று பேனா பிடிக்கின்றன அண்ணே.

லோனாவ்லாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் எங்களைத் தீக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் திரும்பத் திரும்ப இறக்கிய பயிற்றுநர்களுக்கும், மும்பை அஸ்வினி மருத்துவமனையில் கட்டு மாற்றும்போது என் அலறலைப் பொறுத்துக்கொண்ட செவிலியர்களுக்கும் நன்றி. என் மனைவிக்கு நாள்தோறும் போன் செய்து, மறைக்காமல் உள்ளதைச் சொன்ன டிவிஷனல் ஆபீஸர் சார், நீங்கள் செய்ததை எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிறோம்.

அந்தப் பையன் தேறி மறுபடி வாட்ச் நிற்கிறான். அடுத்த வாரம் நான் கப்பலுக்கு வருகிறேன், பதக்கத்தோடு. முதலில் சீஃப் கையில் கொடுப்பேன். பிறகு மெஸ்ஸில் ஒவ்வொருவர் கைக்கும் வரும்.